களவெட்டியில் நின்று நூலகத்தை அளப்போம்

(ஆலையடிவேம்பில் நடைபெற்ற பொதுக்கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



பொது நூலகத்தைப் பற்றி மேடையேறுவோர் பெரும்பாலும் அதனைப் புகழ்ந்து பேசுவர். அறிவுக் கோயில் என்பர். ஏழையின் பல்கலைக்கழகம் என்பர். நாமும் அவ்வாறே புகழ்ந்துவிட்டு அமரலாம். கைதட்டல் கிடைக்கும், ஆயினும் அக்கைதட்டலால் நூலகத்தில் ஒரு புத்தகமேனும் கூடாது, ஒரு வாசகரேனும் அதிகரிக்கமாட்டார். ஆதலின் இன்று புகழுரையை ஒதுக்கிவைத்து, ஒரு வினாவை மட்டும் உங்கள் முன் வைக்க விரும்புகின்றோம். எமது வரிப்பணத்தில் நடைபெறும் நூலகம் எமது ஊருக்கு என்ன செய்கின்றது? அது செய்வதை நாம் எவ்வாறு அறிவது?

வினா சிறியது. ஆனால் இதற்குச் சரியான விடை கூறக்கூடிய சபைகள் இந்நாட்டில் மிகச் சிலவாகவே இருக்கும் என்பது எமது எண்ணம்.

விதையா, விளைவா?

ஒரு நூலகத்தின் நிலை யாது என்று கேட்டால் வழக்கமாக வருகின்ற விடைகள் மூன்று. இத்தனை ஆயிரம் புத்தகங்கள் உள்ளன என்பது முதல் விடை. இத்தனை இலட்சம் ரூபா செலவில் கட்டடம் எழுந்தது என்பது இரண்டாவது. இத்தனை பேர் அங்கத்தவராகப் பதிந்துள்ளனர் என்பது மூன்றாவது. இவை பொய்யல்ல, ஆனால் கேட்ட வினாவுக்கு விடையுமல்ல.

பனங்காட்டுப் பக்கத்தில் வயல் செய்யும் ஒரு பெரியவரிடம், ‘இந்தப் போகம் வேளாண்மை எப்படி?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘இத்தனை மரைக்கால் விதைத்தேன்’ என்று அவர் விடை சொல்லமாட்டார். சூடு அடித்துத் தூற்றிக் களவெட்டியில் நெல்லைக் கண்ட பின்னரே முன்னோர் கணக்குச் சொன்னார்கள். இன்று இயந்திரம் வயலிலேயே நெல்லைப் பிரித்துத் தருகின்றது. ஆயினும் ஏக்கருக்கு எத்தனை மூடை என்பதே இன்றும் கணக்கு. விதைத்தது செலவு, விளைந்ததே பயன். அடுக்கில் நிற்கும் புத்தகம் விதை. அது வாசகரின் கைக்குச் சென்று அவருடைய வாழ்வில் செய்யும் மாற்றமே விளைவு. இருபதாயிரம் புத்தகம் என்று பெருமை பேசுவது, இருபது அவணம் விதைநெல் வீட்டில் இருக்கின்றது என்று பெருமை பேசுவதற்கு ஒப்பானது.

இதனுள்ளும் ஒரு வேறுபாட்டை நாம் மனத்திற் கொள்ளவேண்டும். நூலகம் தன் வேலையை எவ்வளவு திறம்படச் செய்கின்றது என்பது ஒன்று. இதனைப் பணித்திறன் என்போம். அவ்வேலையினால் மக்களின் வாழ்வில் என்ன மாற்றம் நிகழ்ந்தது என்பது மற்றொன்று. இதனைப் பயன்விளைவு என்போம். முதலாவதை எண்ணி அறியலாம். இரண்டாவதைச் சான்று கொண்டே அறியவேண்டும். இரண்டையும் ஒன்றாகக் குழப்புவோர் இரண்டிலும் தவறுவர்.

ஏன் இப்பொழுது?

இக்கேள்வியை ஏன் இன்று எழுப்புகின்றோம் என்று சிலர் நினைக்கக்கூடும். காரணம் உண்டு. எமது ஊர் நூலகங்கள் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் கீழ் இயங்கும் சபைகளின் பொறுப்பிலுள்ளவை. 1970ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய நூலகச் சேவைகள் சபை அமைந்தது. 1998ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டம் அதனை மாற்றியமைத்தது. அச்சபை வழிகாட்டலாம், பயிற்சி தரலாம். ஆயினும் நூலகத்தின் கதவைத் திறப்பதும், நூல் வாங்கப் பணம் ஒதுக்குவதும் உள்ளூர்ச் சபையின் கையிலேயே இருக்கின்றன.

2023 மார்ச் 19இல் உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிவடைந்தது. அதன் பின் ஈராண்டுக்கு மேலாக மக்களின் பிரதிநிதிகள் இன்றி உத்தியோகத்தரே மன்றங்களை நடத்தினர். 2025 மே 6இல் நாடெங்கும் 339 மன்றங்களுக்குத் தேர்தல் நடந்தது. மக்கள் மீண்டும் தம் பிரதிநிதிகளைத் தெரிவு செய்தனர். ஆகவே கணக்குக் கேட்பதற்கு ஆளும் உண்டு. கணக்குச் சொல்வதற்கு ஆளும் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் வரவுசெலவுத் திட்டம் சபைக்கு வரும்பொழுது, வடிகானுக்கும் வீதிக்கும் குப்பை வண்டிக்கும் இடையே நூலகம் தன் பங்கைக் கேட்டு நிற்கின்றது. வீதி பழுதடைந்தால் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். நூலகம் பழுதடைந்தால் யாருக்குத் தெரியும்? அளந்து காட்டினாலன்றி ஒருவருக்கும் தெரியாது. அளவு இல்லாத இடத்தில் வெட்டு முதலில் விழும் என்பதை மறவாதீர்கள்.

சீர்காழி காட்டிய வழி

இவ்வாறு அளப்பது மேனாட்டார் இறக்குமதி செய்த புதுமை என்று எவரும் எண்ணவேண்டியதில்லை. 1892இல் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் கணிதம் கற்பித்த ஆசிரியர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். இன்று உலகெங்கும் நூலகவியல் பயில்வோர் அவ்விதிகளைக் கற்றே தீரவேண்டும். யாழ்ப்பாணப் பொது நூலகத்தை அமைத்தவர்கள் அவரிடம் ஆலோசனை பெற்றார்கள் என்பது எமக்குப் பெருமை தரும் செய்தி.

அவ்வைந்து விதிகளையும் ஐந்து அளவுகோல்களாகவே நாம் கொள்ளலாம். நூல் இருப்பது பயன்படுவதற்காக என்றால், எத்தனை முறை அது அடுக்கைவிட்டு எழுந்தது என்று எண்ணுக. வாசகர் ஒவ்வொருவருக்கும் அவர் வேண்டும் நூல் கிடைக்கவேண்டும் என்றால், தேடி வந்தவர்களுள் எத்தனை பேர் வெறுங்கையோடு திரும்பினர் என்று எண்ணுக. நூல் ஒவ்வொன்றும் தனக்குரிய வாசகரை அடையவேண்டும் என்றால், மூன்றாண்டாக ஒருவரும் தொடாத நூல்கள் எத்தனை என்று எண்ணுக. வாசகரின் நேரம் வீணாகலாகாது என்றால், ஒரு நூலைத் தேடிப் பெற எத்தனை நிமிடம் கழிந்தது என்று பார்க்க. நூலகம் வளரும் உயிர் என்றால், இவ்வாண்டு வந்தவை எத்தனை, கழித்தவை எத்தனை என்று காட்டுக. கணித ஆசிரியர் நூலகரானால் விதியே அளவுகோலாகிவிடுகின்றது!

1948இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டத்தை இயற்றிற்று. விடுதலை பெற்ற இந்தியாவில் அதுவே இத்துறையில் முதற் சட்டம். நூலகத்துக்கெனத் தனி வரி விதிக்க அச்சட்டம் வழி செய்தது. எமது சபைகளின் நூலகங்களோ மற்றச் செலவுகளோடு போட்டியிட்டே தம் பணத்தைப் பெறவேண்டியிருக்கின்றது. ஆகவே அளவின் தேவை எமக்கே மிகுதி.

1951 அக்டோபரில் யுனெஸ்கோவின் துணையோடு தில்லிப் பொது நூலகம் திறக்கப்பட்டது. நேரு அதனைத் திறந்துவைத்தார். ஆசிய நாடுகளுக்கு முன்மாதிரியாக அமையவேண்டும் என்பது நோக்கம். திறந்து வைத்ததோடு அவர்கள் நின்றுவிடவில்லை. சில ஆண்டுகளுள் அதன் பணியை மதிப்பிட்டு ஃபிராங்க் கார்ட்னர் என்ற ஆங்கில நூலகர் அறிக்கை எழுதினார். யுனெஸ்கோ அதனை 1957இல் வெளியிட்டது. இதிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? மதிப்பீடு என்பது குற்றப்பத்திரிகை அன்று. நூலகத்தின் மீது நம்பிக்கை உடையவர்களே அதனை மதிப்பிடுகின்றனர். நம்பிக்கை அற்றவர்கள் கேள்வி கேட்பதில்லை, பூட்டிவிடுகின்றார்கள்.

அளக்கும் கருவிகள்

1982இல் அமெரிக்கப் பொது நூலகத்தார், உள்ளே சென்ற பணத்தையும் நூலையும் எண்ணுவதை விடுத்து, வெளியே வந்த சேவையை எண்ணும் கையேடு ஒன்றை வெளியிட்டனர். 1998இல் ஐ.எஸ்.ஓ. என்ற அனைத்துலகத் தர நிறுவனம் நூலகங்களின் பணித்திறனை அளப்பதற்கெனத் தனி நியமத்தை வகுத்தது. 2014இல் பயன்விளைவை அளக்கும் முறைகளுக்கு மற்றொரு நியமம் வந்தது. அவற்றின் முழுச் சுமையையும் ஒரு கிராம நூலகரின் தலையில் ஏற்றவேண்டும் என்று நாம் கூறவில்லை. நான்கு கணக்குகள் போதும். ஒரு பென்சிலும் ஒரு கொப்பியும் இருந்தால் இவற்றைச் செய்யலாம்.

முதலாவது, சுழற்சி. கணக்கு விளங்குவதற்காக ஓர் உதாரணத்தை நாமே அமைத்துக்கொள்வோம். ஒரு நூலகத்தில் 12,000 நூல்கள். ஆண்டில் 6,000 இரவல். மற்றொன்றில் 3,000 நூல்கள். ஆண்டில் 9,000 இரவல். முதலாவதில் நூலொன்று ஆண்டுக்கு அரைமுறை வெளியே சென்றது, இரண்டாவதில் மும்முறை. பெரிய நூலகம் எது என்று கேட்டால் முதலாவது. உழைக்கும் நூலகம் எது என்று கேட்டால் இரண்டாவது.

இரண்டாவது, உள்ளிருந்து வாசிப்போர் கணக்கு. எமது ஊர்களில் இரவல் பெறுவோரைவிட மேசையில் அமர்ந்து பத்திரிகையும் பாடநூலும் வாசிப்போர் பலர். இவர்களை இரவல் புத்தகம் காட்டாது. இதற்கு எளிய வழி உண்டு. வாசித்த நூலை மீண்டும் அடுக்கில் வைக்கவேண்டா, மேசையிலேயே விடுங்கள் என்று வாசகரிடம் கேட்டுக்கொள்க. நூலகம் மூடும்பொழுது மேசையில் கிடப்பவற்றை எண்ணுக. அன்றைய கணக்கு அதுவே.

மூன்றாவது, கிடைத்தது எத்தனை, கிடைக்காதது எத்தனை என்ற கணக்கு. வாயிலில் நின்று, வெளியே செல்வோர் நூறு பேரிடம், ‘தேடி வந்தது கிடைத்ததா?’ என்று கேளுங்கள். ஐம்பத்தைந்து பேர் ஆம் என்றனர் என வைத்துக்கொள்வோம். மற்ற நாற்பத்தைந்து பேரே எமக்கு ஆசிரியர்கள். சிலருக்கு அந்நூல் நூலகத்திலேயே இல்லை. சிலருக்கு நூல் இருந்தது, வேறொருவர் இரவல் பெற்றுச் சென்றிருந்தார். சிலருக்கு நூல் இருந்தது, தமிழில் இல்லை. சிலருக்கு எல்லாம் இருந்தன, ஆனால் அடுக்கில் இடம் மாறிக் கிடந்தது. முதற் குறைக்குப் பணம் வேண்டும். இரண்டாவதற்கு மேலும் ஒரு பிரதி வேண்டும். மூன்றாவதற்கு மொழியுரிமைப் போராட்டம் வேண்டும். நான்காவதற்கு அரைமணி நேர உழைப்புப் போதும். நோய் நான்கு, மருந்தும் நான்கு. அளவாதவர் நான்குக்கும் ஒரே மருந்தாகப் ‘பணம் இல்லை’ என்று கூறிவிடுகின்றார்.

நான்காவது, ஒரு பயன்பாட்டுக்கு ஆகும் செலவு. இதற்கும் நாமே அமைத்த உதாரணம். ஆண்டுச் செலவு 24 இலட்சம் ரூபா, பயன்பாடு 48,000. ஒரு பயன்பாட்டுக்கு 50 ரூபா. சிக்கனம் செய்கின்றோம் என்று மாலை நேரத்தில் நூலகத்தைப் பூட்டுகின்றது சபை. 4 இலட்சம் ரூபா மிஞ்சுகின்றது. ஆனால் பாடசாலை முடிந்து வரும் பிள்ளைகளும் வயலிலிருந்து திரும்பும் வாலிபரும் வரமுடியாமற் போய்ப் பயன்பாடு 20,000 ஆகக் குறைகின்றது. செலவு 20 இலட்சம், பயன்பாடு 20,000, ஒன்றுக்கு 100 ரூபா. சிக்கனம் செய்யப் போய்ச் செலவு இரட்டித்துவிட்டது! வரவுசெலவு விவாதத்தில் இந்த ஒரு கணக்கைக் கையில் வைத்திருக்கும் உறுப்பினரை எவரும் எளிதில் மடக்கமுடியாது.

இவற்றை ஆண்டு முழுவதும் எண்ணவேண்டியதில்லை. நான்கு வாரங்களைத் தேர்ந்தெடுங்கள். பெரும்போக விதைப்புக் காலத்தில் ஒன்று. அறுவடைக்குப் பின் ஒன்று. பரீட்சைக் காலத்தில் ஒன்று. யாதொரு விசேடமும் இல்லாத சாதாரண வாரம் ஒன்று. அக்டோபரைத் தவிர்த்துவிடுங்கள். அது தேசிய வாசிப்பு மாதம். பந்தலும் போட்டியும் பரிசும் நிறைந்த மாதத்தில் எண்ணுவது, திருவிழா அன்று கோயிலுக்கு வந்த கூட்டத்தைப் பார்த்து நித்திய பூசைக்கு வருவோரைக் கணக்கிடுவது போன்றது.

வராதவர் கணக்கு

வந்தவரை எண்ணினோம். வராதவர் எங்கே?

வாய்க்காலின் தலைப்பில் நீர் நிறைந்து ஓடுவதைக் கண்டு நல்ல வட்டவிதானை திருப்தியடைவதில்லை. கடைவயலுக்கு நீர் சென்றதா என்று நடந்து பார்க்கின்றார். நூலகத்துக்கும் அத்தகைய வட்டவிதானை வேண்டும். அங்கத்தவர் இடாப்பைக் கிராம சேவகர் பிரிவு வாரியாகப் பிரித்துப் பாருங்கள். நூலகத்தின் அருகிலுள்ள பிரிவில் எத்தனை பேர்? கோளாவிலில் எத்தனை பேர்? பனங்காட்டில் எத்தனை பேர்? ஆணெத்தனை, பெண்ணெத்தனை? பாடசாலையை விட்ட பின் தொடர்ந்து வந்தவர் எத்தனை? உழவர் எத்தனை? கூலித்தொழிலாளர் எத்தனை? பெயர் தேவையில்லை, எண்ணிக்கை போதும். ஒரு பிரிவில் ஒருவரும் இல்லையெனின், அங்குள்ளோர் அறிவு வேட்கை அற்றவர் என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். தூரம் காரணமா, நேரம் காரணமா, தாய்மார் தனியே வந்து அமர இடமில்லாமை காரணமா என்று விசாரியுங்கள். 1931இல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்ற பெரியார் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார். வாசகர் நூலகத்துக்கு வராவிடின் நூலகம் வாசகரிடம் செல்லவேண்டும் என்பதை அவ்வண்டி காட்டிற்று.

இக்கரையோரத்துக்கே உரிய இன்னொரு கணக்கும் உண்டு. கல்முனையிலிருந்து பொத்துவில் வரை தமிழ்க் கிராமமும் முஸ்லிம் நகரமும் வேலிக்கு வேலி அடுத்து நிற்கின்றன. ஆலையடிவேம்பும் அக்கரைப்பற்றும் அத்தகையனவே. சபைகள் வேறு, எல்லைகள் வேறு, ஆயினும் மொழி ஒன்று, பரீட்சை ஒன்று, வயலுக்குப் பாயும் நீரும் ஒன்று. அக்கரைப்பற்று மாணவி ஒருத்திக்கு வேண்டிய நூல் ஆலையடிவேம்பில் இருந்தால் அவள் பெறமுடிகின்றதா? இங்குள்ள மாணவனுக்கு வேண்டியது அங்கு இருந்தால் அவன் பெறமுடிகின்றதா? எல்லை கடந்து வந்த வாசகர் ஆண்டில் எத்தனை பேர்? இந்த எண் கூடுகின்றதா, குறைகின்றதா? இரு சமூகத்தின் பிள்ளைகளும் ஒரு மேசையில் அமர்ந்து வாசிப்பது, சமாதானக் குழுக்கள் பல கூடிப் பேசுவதைவிட மேலான பலனைத் தரும் என்று நாம் நம்புகின்றோம். நம்பிக்கை சரிதானா என்பதை அந்த எண் சொல்லட்டும்.

சான்று எங்கே?

இனி, பயன்விளைவுக்கு வருவோம். 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் எமது நீதிமன்றங்களில் ஓர் அடிப்படை விதியை நிலைநாட்டியிருக்கின்றது. ஒன்றை உண்டென்று சொல்பவரே அதனை எண்பிக்கவேண்டும். நூலகத்தால் ஊர் உயர்ந்தது என்று சொல்வோமாயின், எண்பிக்கும் சுமை எம்மீதே விழும்.

2014ஆம் ஆண்டின் அனைத்துலக நியமம் இச்சான்றை மூவகையாகப் பிரிக்கின்றது. புள்ளிவிவரங்களிலிருந்து ஊகித்து அறிவது ஒன்று. மக்களைக் கேட்டு அறிவது ஒன்று. நேரில் கண்டு அறிவது ஒன்று. வழக்கறிஞருக்கு இது புதியதன்று. சூழ்நிலைச் சான்று, சாட்சியின் வாக்குமூலம், கண்கண்ட சான்று என்று நாம் நாள்தோறும் கையாளுபவையே. ஒன்று தனித்து நின்றால் பலவீனம். மூன்றும் ஒரே திசையைக் காட்டினால் வழக்கு வெல்லும்.

ஆனால் மிகைப்படுத்தலாகாது. ஒரு மாணவன் பல்கலைக்கழகம் புகுந்தான். அவன் நூலகத்துக்கு வந்தவன். ஆகவே நூலகமே அவனை அனுப்பிற்று என்று வாதிடுவது செல்லாது. ஆசிரியர் உழைத்தார், தாய் நகையை அடகு வைத்தாள், தனியார் வகுப்பும் இருந்தது. நல்ல விளைச்சலுக்கு மழை, உரம், விதை, உழவரின் கை எல்லாம் காரணம். ஆதலின் பொதுப்படக் கேளாமல் குறிப்பாகக் கேளுங்கள். எந்த நூல்? எந்த நாள்? அதனால் நீங்கள் செய்தது என்ன? அது இல்லாதிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? இந்நான்கு வினாவுக்கும் நேர்விடை வந்தால் அது சாட்சியம். ‘நூலகம் மிக நல்லது’ என்பது வெறும் நற்சான்றிதழ்.

உழவர்களைப் பற்றிய ஓர் உதாரணம் சொல்வோம். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது. அந்த ஆண்டு நவம்பரில் தடை நீங்கிற்று. இடையில் உழவர் பட்ட பாட்டை இந்த மண்ணில் எவருக்கும் எடுத்துரைக்கவேண்டியதில்லை. அக்காலத்தில் சேதனப் பசளை தயாரிப்பது எப்படி, எந்த அளவில் இடுவது, மஞ்சளித்த பயிருக்கு என்ன செய்வது என்ற தமிழ்த் துண்டுப்பிரசுரம் ஒன்றேனும் எமது நூலகங்களின் மேசையில் இருந்ததா? விவசாயத் திணைக்களத்தின் வெளியீடுகளும் கமநல சேவை நிலையத்தின் அறிவித்தல்களும் அங்கு ஒழுங்காக வந்து சேர்ந்தனவா? நெருக்கடி வேளையில் எத்தனை உழவர் நூலகத்தை நாடினர்? நூலகத்தின் பயனை அளக்கத் தகுந்த நாள், திறப்பு விழா நாள் அன்று. இத்தகைய நெருக்கடி நாளே.

சட்டத் துறையிலும் அவ்வாறே. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் பெற்ற காணியில் வாழ்வோர் இம்மாவட்டத்தில் நிறைய உள்ளனர். பின்னுரிமையாளரை நியமிக்கத் தவறியதனால் குடும்பங்கள் நீதிமன்றப் படி ஏறுவதை நாம் கண்டுவருகின்றோம். வர்த்தமானியும் விண்ணப்பப் படிவமும் எளிய தமிழ் விளக்கமும் நூலகத்தில் இருந்து, அதனால் ஒரு குடும்பம் வழக்கின்றித் தப்பியது என்றால், அது பயன்விளைவு. தமிழும் அரச கரும மொழி என்று 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் அரசியலமைப்பில் எழுதியது. எழுத்தில் வந்த உரிமை மேசைக்கு வந்ததா என்பதைக் ‘கேட்டும் கிடைக்காதவை’ என்ற பதிவேடு ஒன்றே காட்டிவிடும். தமிழில் நூல் தாருங்கள் என்று மேலிடத்தில் முறையிட்டால், ‘ஆதாரம் எங்கே?’ என்று கேட்கின்றார்கள். அப்பதிவேட்டை விரித்துக் காட்டுவோம்!

எண்ணின் எல்லை

அளவை வற்புறுத்துகின்ற நாமே அளவின் எல்லையையும் சொல்லவேண்டும். 1981 மே 31ஆம் நாள் இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 97,000க்கு மேற்பட்ட நூல்கள் அழிந்தன என்று உலகம் சொல்கின்றது. அந்த எண் எம் நெஞ்சைச் சுடுகின்றது. ஆயினும் அழிந்த ஓலைச்சுவடிகளுள் வேறெங்கும் பிரதியில்லாத ஒன்று, எண்ணிக்கையில் ஒன்றாகவே நிற்கும். இழப்பில் அது ஆயிரத்துக்கு மேல். அரிய நூல் ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே எடுக்கப்பட்டாலும் அதைக் கழித்துவிடலாகாது. இரங்கநாதன் பிறந்த அதே 1892இல் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1947இல் யாழ் நூலைத் தந்தார். அத்தகைய கல்வியின் விளைவைக் காலாண்டு அறிக்கையில் எழுதிவிடமுடியுமா? சில பயிர் மூன்று மாதத்தில் விளையும். சில மரம் ஒரு தலைமுறையில் காய்க்கும். இரண்டுக்கும் ஒரே மரைக்காலைப் பிடிக்கலாகாது.

மற்றோர் அபாயமும் உண்டு. எண்ணே இலக்காகிவிட்டால் எண் பொய்யாகிவிடும். இங்கிலாந்தின் பொருளியலறிஞர் சார்ல்ஸ் குட்ஹார்ட் 1975இல் இதை நாணயக் கொள்கை பற்றிச் சுட்டிக் காட்டினார். எல்லாத் துறைக்கும் அது பொருந்துகின்றது. வருகை குறைந்தால் தண்டனை என்று நூலகருக்குச் சொல்லிப் பாருங்கள். வருகைப் பதிவேடு ஒரே வாரத்தில் நிரம்பிவிடும், வாசிகசாலை நிரம்பாது. ஆதலின் இக்கணக்கு நூலகரைத் தண்டிப்பதற்கன்று. அவர் கேட்கும் பணத்துக்கும் ஆளுக்கும் நியாயம் காட்டுவதற்கே.

வாசகரின் பெயரையும் காப்பாற்றுங்கள். எவர் என்ன நூல் வாசித்தார் என்பது அவருடைய சொந்த விடயம். வீட்டிலிருந்த புத்தகத்துக்காகவும் அஞ்சி வாழ்ந்த காலத்தை இப்பகுதி மக்கள் கண்டிருக்கின்றார்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திராவிட்டாலும் இந்த நியாயம் நிற்கும். எண்ணிக்கை ஊருக்கு, பெயர் வாசகருக்கு.

இரு ஆட்சேபனைகள்

கைத்தொலைபேசியில் எல்லாம் இருக்கும்பொழுது நூலகம் எதற்கு என்கின்றனர் சிலர். இணையத்தால் நன்மை உண்டு. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவில் காத்து இலவசமாகத் தருவதை நாம் போற்றுகின்றோம். ஆயின் அமைதியான மேசையையும், மின்விளக்கையும், தேடத் தெரிந்த ஒருவரின் துணையையும் தொலைபேசி தருமா? இணையக் கட்டணம் கட்ட இயலாத வீட்டுப் பிள்ளை என் செய்வது? அளந்து பாருங்கள். எவரும் வராத நூலகம் எனின் அதனை மாற்றியமைப்போம். வருகின்றனர் எனின் வாயை மூடுவோம்.

வயிற்றுப்பாட்டுக்கே வழியில்லை, வாசிப்பு எதற்கு என்பது மற்றொரு குரல். 2022 மார்ச்சில் தாள் இன்மையால் மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. பத்திரிகையும் பயிற்சிப் புத்தகமும் விலையேறிய காலத்தில், ஒரு பிரதியை நூறு பேர் வாசிக்க வைக்கும் இடம் நூலகம் ஒன்றே. பஞ்சத்தில்தான் பொதுக் களஞ்சியத்தின் அருமை தெரியும்.

செய்ய வேண்டியவை

அன்பர்களே! பேசிக் கலைவதற்கு நாம் இங்கு கூடவில்லை. பின்வருவனவற்றைச் சபையின் முன் வைக்கவேண்டும் என்று வேண்டுகின்றோம். நூலகங்கள் அனைத்தும் ஆண்டில் நான்கு வாரங்கள் மேற்கூறிய நான்கு கணக்குகளையும் எடுக்கவேண்டும். ‘கேட்டும் கிடைக்காதவை’ என்ற பதிவேடு ஒவ்வொரு நூலகத்திலும் திறக்கப்படவேண்டும். அடுத்த ஆண்டின் நூற்கொள்வனவு அதைப் பார்த்தே நடைபெறவேண்டும். அங்கத்தவர் தொகை கிராம சேவகர் பிரிவு வாரியாக வெளியிடப்படவேண்டும். அயற்சபைகளோடு பேசி, ஒரு நூலகத்தின் அங்கத்தவர் மற்றதிலும் இரவல் பெற வழி செய்யவேண்டும். வரவுசெலவுத் திட்டத்துக்கு முன் இக்கணக்கு ஒரே தாளில் அறிவித்தற் பலகையில் ஒட்டப்படவேண்டும்.

சபை தானாகத் தந்தால் நன்று. தராவிடின் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கின்றது. உள்ளூராட்சி மன்றங்களும் அச்சட்டத்துக்கு உட்பட்டவையே. எழுத்தில் கேளுங்கள். பதினான்கு வேலை நாட்களுள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்லவேண்டிய கடமை அவர்களுக்கு உண்டு. சென்ற ஆண்டு நூல் வாங்க ஒதுக்கிய தொகை எவ்வளவு? செலவிட்டது எவ்வளவு? வாங்கிய நூல்களுள் தமிழ் நூல் எத்தனை? நூலகம் திறந்திருந்த மணி நேரம் எத்தனை? இரவல் எத்தனை? இவ்வைந்து வினாவுக்கு ஒரு தபால் முத்திரையின் விலைக்கு மேல் செலவில்லை.

போடியார் ஒருவர் தம் வயலை முல்லைக்காரரின் பொறுப்பில் விட்டுவிட்டுக் களவெட்டிக்கு வாராதிருந்தால் ஊர் என்ன சொல்லும்? வயலில் அக்கறை அற்றவர் என்று சொல்லும். நூலகம் என்னும் வயலுக்கு நாம் எல்லோரும் போடியார்கள். கணக்குக் கேட்பது நூலகரை அவமதிப்பதன்று, சபையைப் பகைப்பதன்று. எமது உடைமையில் எமக்கு அக்கறை உண்டு என்று காட்டுவதே. அறுவடை நாளில் களவெட்டிக்கு வாருங்கள். அளக்கும் மரைக்காலை நீங்களே பிடியுங்கள்.